ட்ரூரோவில் ஏறிய பெண்கள்

1860 அக்டோபரில், சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கிளம்பியது. கரும்புத் தோட்டத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் வந்து சேர்ந்த அந்த 342 பேரில் பெண்களும் உண்டு, கைக்குழந்தைகளும் உண்டு.

1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இப்படிப் போனார்கள். நம்ம வட ஆர்க்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். புருஷன் பின்னால் போனவள்தானே என்று நினைத்துவிடாதீர்கள். விதவைகளும் வீட்டைவிட்டு வெளியேறியவர்களும் தாங்களாகவே ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

சம்பளம்? ஆணுக்கு முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. அதே வெயில், அதே கரும்பு!

1895-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் போடாமல் தங்குபவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். இதில் மட்டும் ஆண், பெண் பேதம் இல்லை. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். முதல் வருஷக் கூலிக்காரிக்கு அது பன்னிரண்டு மாதச் சம்பளம்.

1913-இல் இந்த வரியையும் எதிர்த்து நடந்த காந்தியின் போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் சுரங்கங்களுக்கே போய், தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், சிறைக்கும் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையானதும் 1914 பிப்ரவரியில் இறந்தார். அவருக்கு வயது பதினாறு. அந்த ஆண்டே வரி ஒழிந்தது.