மெஷின் தப்பா சொன்னா யாரைக் கேட்பது?

(தகவல் தொழில்நுட்ப அணி பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.இ. படிச்சவன், டாக்டர் இல்லை. அதனால வைத்தியம் சொல்ல வரல. ஆஸ்பத்திரிக்குள்ள வர்ற ஏஐ பற்றி மட்டும் பேசுறேன்.

நாம ஏஐ-க்கு எதிரி கிடையாது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பார்வையைக் காப்பாத்தலாம். ஆனா ஊருக்கு ஊர் கண் டாக்டர் இல்லை. விழித்திரைப் படத்தைப் பார்த்தே பாதிப்பைச் சொல்லும் ஏஐ-யை கூகுள் உருவாக்கியபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தது. 2016-ல் வெளிவந்த ஆய்வில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாகச் செயல்பட்டது.

அடுத்து தாய்லாந்து கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனாங்க. ஐந்தில் ஒரு படத்தை 'தெளிவில்லை'ன்னு மெஷின் தள்ளிடுச்சு. காரணம்? ரூம்ல வெளிச்சம் சரியில்லை. நெட்டும் ஸ்லோ. படம் தேறாதவங்க இன்னொரு நாள் வேற ஆஸ்பத்திரிக்கு அலையணும். 2020-ல் கூகுள் ஆய்வாளர்களே இதை வெளியிட்டாங்க.

அமெரிக்காவில் இன்னொரு கதை. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவைன்னு சொல்ற ஒரு சாஃப்ட்வேர், நோயை அளக்காம சிகிச்சைச் செலவை அளந்தது. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை கிடைப்பதே குறைவு, அதனால செலவும் குறைவு. மெஷின் அதை 'நோய் குறைவு'ன்னு எடுத்துக்கிச்சு. தப்பைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்பு பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7-லிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று 2019-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு சொன்னது. இத்தனைக்கும் அந்த சாஃப்ட்வேருக்கு யார் என்ன இனம்னே தெரியாது!

இப்போ நம்ம ஊரை யோசிங்க. காசில்லாம ஆஸ்பத்திரி பக்கமே போகாத கூலித் தொழிலாளி, அந்தக் கணக்குப்படி ரொம்ப ஆரோக்கியமானவர்!

தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏஐ-க்குக் கொள்கை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் மருத்துவ ஏஐ-க்கு நெறிமுறைகள் தந்தது. நல்லது. ஆனா நெறிமுறை வேற, சட்டம் வேற. மீறினால் தண்டனை இருந்தாதான் அது பேப்பரைத் தாண்டி வெளிய வரும்.

அதனால நாம கேட்க வேண்டியது மூணு:

1. வாங்குறதுக்கு முன்னாடி நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல, நம்ம மக்களிடம் சோதிக்கணும். முடிவைப் பொதுவில் வைக்கணும்.

2. ஏஐ பயன்படுத்துறோம்னு நோயாளியிடம் தமிழில் சொல்லணும். 'வேண்டாம்'னு சொன்னாலும் சிகிச்சை நிற்கக் கூடாது.

3. இறுதி முடிவு டாக்டருடையது. மெஷின் தப்பு செய்தா விற்ற கம்பெனியும் பதில் சொல்லணும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதணும்.

தோழர்களே, ஏஐ கருவி திறப்பு விழா போட்டோவை ஷேர் பண்றதுக்கு முன்னாடி இந்த மூணையும் கேளுங்க. திறந்து வைக்கிறது நம்ம ஆளா இருந்தாலும் கேளுங்க. கியூவில் நிற்கிறதும் நம்ம ஆளுங்கதான்.