சட்டையும் பாட்டும்: எழுபதுகளின் தொடக்கத்தில் நம் அன்றாடம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுநாள் மேடையில் பெல்பாட்டத்தைப் பற்றியும் ரேடியோவைப் பற்றியும் பேசப்போகிறோம் என்றதும் சில தோழர்கள் தயங்கினார்கள். அண்ணலின் நினைவுநாளுக்கு இது பொருத்தமா என்று கேட்டார்கள். துணியைப் பற்றி அண்ணலே பேசியிருக்கிறார். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுநூல் எரிக்கப்பட்டது. அந்த மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் அவர் தனியாகப் பேசினார். நீங்கள் சேலை கட்டுகிற முறையும் போட்டிருக்கிற காப்புகளும் உங்கள் சாதியைக் காட்டிக்கொடுக்கின்றன, மற்றப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பெண்கள் அப்படியே மாற்றிக் கட்டினார்கள். எரிக்கப்பட்ட அந்த நூலில், சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாண்டத்தில் உண்ண வேண்டும், இரும்பு நகை அணிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நூலை எரித்ததும் சேலையை மாற்றிக் கட்டியதும் ஒரே போராட்டத்தின் இரண்டு வேலைகள். ஆகவே இந்த மேடைக்கு இது பொருந்தும் பேச்சுதான்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்களின் துணி இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் எதுவும் கூடாது. முடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. அடுத்த ஆண்டு பட்டியல் நீண்டது. நம் வீட்டுத் திருமணத்தில் மேளதாளம் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

மாணவ நண்பர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 1970இல் ஐம்பது வயது. அதாவது, எங்கள் தகப்பனும் தாயும். அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் 1971இலும் 1972இலும் காதை மூடிய முடியோடும், தரையைக் கூட்டுகிற பேன்ட்டோடும் காலனிக்குள் நடந்து வந்தார்கள். எழுபதுகளின் நாகரிகம் என்று நாம் பேச வேண்டியது இதைத்தான்.

எழுபதுகளைப் பற்றித் தொலைக்காட்சியிலும் வார இதழ்களிலும் நிறைய வருகிறது. நாய்க்காது காலர், அகலமான பெல்ட், கன்னம்வரை இறங்கிய கிருதா, நைலக்ஸ் சேலை, பாபி படம் வந்த பிறகு பிரபலமான புள்ளித் துணி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வழியாக நடக்க முடிந்தது என்ற கேள்வி அந்த நினைவுகளில் வருவதில்லை. எங்கள் நினைவு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

டெரிலின், டெரிகாட்டன் துணி வந்த காலம் அது. வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வியர்வை உறிஞ்சாது, விலையும் அதிகம். இருந்தும் நாங்கள் ஏன் அதற்கு ஆசைப்பட்டோம்? ஊர் வண்ணார் நம் துணியை வெளுக்க மாட்டார். இஸ்திரிப் பெட்டி நம் தெருவுக்கு வராது. டெரிலின் சட்டையை இரவில் அலசிக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், தேய்க்காமலே விறைப்பாக நிற்கும். ஒரே சட்டை வைத்திருந்தவனும் தினமும் வெளுத்த சட்டையோடு பள்ளிக்கூடம் போக முடிந்தது. சாதி சொன்ன வேலைப்பிரிவினையை ஆலைத்துணி ஒரு சிறு இடத்தில் உடைத்தது. நைலக்ஸ் சேலையை நம் பெண்கள் விரும்பியதற்கும் இதுவே காரணம். நடவுக்குப் போய்ச் சேறு பட்டாலும் வாய்க்காலில் ஒரு முக்கு முக்கி உதறினால் போதும்.

ஊர்த் தையல்காரர்களில் பலர் நம்மைத் தொட்டு அளவெடுக்க மாட்டார்கள். கண்ணால் பார்த்து அளவு சொல்வார்கள், அல்லது பழைய சட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். ஆகவே பேன்ட் தைக்கவும் முடி வெட்டவும் டவுனுக்குத்தான் போக வேண்டும். டவுன் சலூனில் எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள், சுவரில் நடிகர் படம், ஓயாத ரேடியோ. உள்ளூர் முடிதிருத்தகத்தில் நுழைய முடியாதவர்கள் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, பிடரியில் கத்தி படுவதை அனுபவித்தார்கள். டவுனில் சாதி இல்லாமல் போய்விடவில்லை. காசைக் கொடுத்தால் யார் என்று கேட்காத சில இடங்கள் அங்கே இருந்தன, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சிக்கல். பஸ் நிறுத்தத்திலிருந்து காலனிக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும், துண்டு தோளிலிருந்து கக்கத்துக்கு வர வேண்டும். பேன்ட் போட்டவன் எதை இறக்குவது? விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்களில் பலர் மதகுக்குப் பின்னால் நின்று பேன்ட்டைக் கழற்றி மஞ்சள் பையில் மடித்து வைத்து, வேட்டி கட்டிக்கொண்டு ஊரைக் கடந்தோம். சிலர் கழற்றாமல் நடந்தார்கள். அவர்களுக்காக அவர்கள் அப்பா மறுநாள் பண்ணை வாசலில் நின்று திட்டு வாங்கினார். அடியும் விழுந்தது. அதற்குப் பிறகும் கழற்றாமல் நடந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை எந்த இயக்கமும் அனுப்பவில்லை. 'தலித்' என்ற சொல்கூட அன்று நம்மிடையே புழங்கவில்லை. அரிசனர், ஆதிதிராவிடர் என்றுதான் சொன்னார்கள்.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாளத்துக்குப் போனவர், ரயில்வேயில் இருந்தவர், பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர், தாராவியில் இருந்தவர், கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். நிலத்தை நம்பாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை. வடாற்காட்டுக் கிராமங்களில் நாகரிகம் சென்னையிலிருந்து வந்ததைவிடத் தங்கவயலிலிருந்து வந்தது அதிகம். ஷூ போட்டு, முழுக்கை சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டி ஒருவர் விடுமுறைக்கு வந்து இறங்கினால், காலனிப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே சுற்றுவார்கள். பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த சட்டை அது.

இனி பாட்டு. பஞ்சாயத்து ரேடியோ ஊர்ப் பக்கத்தில்தான் இருந்தது. நாங்கள் தள்ளி நின்று கேட்டோம். டீக்கடையிலும் அப்படித்தான். பாட்டு எல்லாருக்கும் ஒன்றாகவே கேட்கும், டம்ளர் மட்டும் இரண்டு. சில இடங்களில் நமக்குக் கொட்டாங்குச்சி. டிரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறியது. ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டிய காலம். காலனிக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். இலங்கை வானொலி தென்மாவட்டங்களிலும் கடலோரத்திலும் தெளிவாகக் கேட்டது.

நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சியை இன்றைய மாணவர்களுக்கு விளக்க வேண்டும். அஞ்சலட்டையில் பாட்டையும் பெயரையும் ஊரையும் எழுதிப் போட்டால், பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெயர்களைப் படிப்பார். ஊரில் 'டேய்' என்று மட்டுமே கூப்பிடப்பட்ட ஒருவரின் முழுப்பெயர், ஊர்ப் பெயரோடு, நல்ல உச்சரிப்பில் காற்றில் வரும். அதே வரிசையில் ஊர்த்தெருப் பிள்ளையின் பெயரும் வரும். யார் முன்னே யார் பின்னே என்பதை அங்கே சாதி முடிவு செய்யவில்லை. ஒரு பாட்டுக்காக அவ்வளவு அஞ்சலட்டைகள் போனதற்குப் பாட்டின் இனிமை மட்டும் காரணமில்லை.

டூரிங் டாக்கீஸ் மணலில் எங்களுக்குத் தரை டிக்கெட். 1971இல் வந்த ரிக்‌ஷாக்காரனைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். உழைப்பவனின் உடுப்பில் கதாநாயகன் நின்றது எங்களுக்குப் பெரிய விஷயம். அந்த நாயகன் எங்கள் தெருக்காரனாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதைப் பிறகு யோசித்தோம். சென்னையிலோ, சினிமாவை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் தன் கணக்கில் திருப்பிக்கொண்டார்கள். வடசென்னையில் சாவு வீட்டு இரவுகளில் கானா பாடியவர்கள் இந்திப் பட மெட்டை எடுத்து அதில் தங்கள் வார்த்தையைப் போட்டார்கள். இறந்தவரின் வாழ்க்கை, தெரு, கடன், காதல் எல்லாம் அந்த மெட்டில் ஏறின. இசைத்தட்டில் வராத, எழுதிவைக்கப்படாத அந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி பாடியவர்களோடு போய்விட்டது.

கல்யாணத்துக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது பெரிய செலவு, பெரிய பெருமை. அந்தக் குழாயை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்பதே சண்டையானது. ஊரைப் பார்த்துக் கட்டினால் திமிர், வயலைப் பார்த்துக் கட்டினால் பரவாயில்லை. 1931இன் தடைக்கும் இதற்கும் இடையே என்ன தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இங்கே பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேடையில் பறை அடிக்கிற இன்றைய மாணவர்கள், 'உங்கள் தலைமுறை ஏன் பறையைக் கீழே போட்டது' என்று எங்களைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட குரலுக்குப் போய் அடிக்க வேண்டும், தண்டோரா போட வேண்டும், திருவிழாவில் எட்ட நின்று அடிக்க வேண்டும். மறுத்தால் வேலை இல்லை, தண்ணீர் இல்லை. அந்தக் கட்டாயத்தைத்தான் எங்கள் தலைமுறை கீழே போட்டது. கூடவே அடவுகளும் சில போயின. அது இழப்புதான். தொண்ணூறுகளில் கலைவிழா மேடைகளில் பறை நம் விருப்பத்தோடு திரும்பி வந்தது. போட்டதும் எடுத்ததும் இரண்டுமே நம் முடிவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அரசு தரப்பிலும் அந்த ஆண்டுகளில் சில மாற்றங்கள் நடந்தன. 1971இல் நம் இட ஒதுக்கீடு 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அதே ஆண்டு, குடியிருக்கும் மனைக்கு உரிமை தரும் குடியிருப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டுதான் மதுவிலக்கும் தளர்த்தப்பட்டது. புதுச்சட்டைக்குச் சேர்த்த காசு எங்கே போனது என்று நம் அம்மாக்களைக் கேளுங்கள். அரிசன நல விடுதியில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரே நல்ல பேன்ட்டை நான்கு பேர் மாற்றி மாற்றி நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போனோம். ஸ்டூடியோக்காரர் வைத்திருந்த கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு படம் எடுத்தோம். அந்தப் படங்கள் இன்னும் சில வீடுகளில் அண்ணல் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. அவருடைய கோட்டின் அர்த்தம் எங்களுக்கு அந்த வாடகைக் கோட்டுக்குள்தான் விளங்கியது.

ஆனால் அந்தக் காலத்தை இனிமை என்று சொல்லி முடிக்க எங்களால் முடியாது. மகாத்தில் மனுநூல் எரிந்த அதே டிசம்பர் 25இல், 1968ஆம் ஆண்டு, கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அவர்கள் பெரும் நிலம் உடையவர்கள், ஒருவர் கார் கூட வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. ஒரு கார் ஒருவருக்குச் சாட்சி சொன்னது. அதே ஆண்டுகளில் ஒரு சைக்கிள், ஒரு ஜோடி செருப்பு, ஒரு பேன்ட் நம்மைக் குற்றவாளி ஆக்கியது. எழுபதுகளின் நாகரிகத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதை இப்போது ஏன் பேசுகிறோம்? 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதன் பிறகு மேடைகளில் என்ன பேசினார்கள்? நம் இளைஞர்கள் ஜீன்சும் டி-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார்கள். 1930இல் சட்டை, 1971இல் பெல்பாட்டம், 2012இல் ஜீன்ஸ். துணிதான் மாறியிருக்கிறது.

1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்தார்கள். அதே ஆண்டு யாழ்ப்பாணத்து டானியலின் பஞ்சமர் நாவல் வெளியானது. தமிழகத்தில் நம் அன்றாடம் நம் கையால் எழுதப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. எழுதப்படாதது இன்னும் நிறைய இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு இன்று எழுபது, எழுபத்தைந்து வயது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனால் பெரியவர்களிடம் உட்காருங்கள். 'உங்களை எப்படிக் கொடுமைப்படுத்தினார்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள், அதை மட்டும் கேட்டால் அதை மட்டுமே சொல்வார்கள். முதல் பேன்ட் எந்தத் துணி, எங்கே தைத்தது, யார் காசு கொடுத்தது என்று கேளுங்கள். கல்யாணத்தில் என்ன பாட்டுப் போட்டார்கள், குழாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கேளுங்கள். அம்மாவிடம் முதல் நைலக்ஸ் சேலையின் நிறத்தைக் கேளுங்கள். சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றிப் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் பாடிய பாட்டு யாருக்காவது நினைவிருந்தால் பதிவு செய்யுங்கள். கொண்டு வந்து பேரவையில் கொடுங்கள், நாம் தொகுப்போம்.