வீராணத்தில் மண் சுமந்தது யார்?

(சிதம்பரத்தில் தொழிலாளர் வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த சரித்திர நாவல். 2022-ல் படமாகவும் வந்தது. கதை நமது வீராணம் ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. கடலூர் ஆலைத் தோழர்கள், “நம்ம ஊர்க் கதை” என்று பூரிக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களோ, “ராஜா இருக்கிறார், ராணி இருக்கிறார், மண் சுமந்தவன் எங்கே?” என்று கேட்கிறார்கள்.

பூரிப்பும் நியாயம், கேள்வியும் நியாயம். ஏரி முதல் பராந்தகன் காலத்தது. அவன் ஆண்டது 907 முதல் 955 வரை. ராஜாவின் பெயர் நிலைத்தது. கூடை தூக்கியவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு என்ன சொல்கிறது? ராஜராஜன் காலத்து ஊர்களில் தீண்டாச்சேரி தனி, பறையர் சுடுகாடு தனி! கூலியில்லாத உழைப்புக்கு ‘வெட்டி’ என்ற பெயரும் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. இன்றும் ‘வெட்டி வேலை’ என்கிறோமே! அப்படியானால் அது யாருக்குப் பொற்காலம்?

நாவலை ஒதுக்க வேண்டாம், படிப்போம், ரசிப்போம். வந்தியத்தேவன் கரைமேல் குதிரையில் போகட்டும். கரையைக் கட்டியவர்களை நாம் மறவாதிருப்போம். ஏரி வெட்டிய, வாய்க்கால் தூர்வாரிய கதைகளை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், தோழர்களே! அதுவும் சரித்திரமே.