மூலிகையும் மனமருந்தும்



"இலை தழைதானே, என்ன செய்துவிடும்?" என்னும் பேச்சை நாம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். மூலிகையை நம்புவோரும் இதைச் சொல்வர், நம்பாதோரும் சொல்வர். ஆனால் நோயைத் தணிக்கும் ஆற்றல் ஒரு வேருக்கு உண்டெனில், வேறொரு மருந்தோடு மோதும் ஆற்றலும் அதற்கு இருக்கக்கூடும் அன்றோ? இவ்வுண்மையை மனச்சோர்வுக்குரிய மருந்துகளைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

பல்லாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். நன்கு படித்துவந்த மாணவர் சிலர் பேச்சுக் குறைந்து, பசியும் உறக்கமும் கெட்டு, ஒதுங்கிப்போனதைக் கண்டிருக்கிறேன். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. மருத்துவரிடம் சென்றோர் அதை உறவினரிடம் சொல்லக் கூசுவர். வீட்டார் கொடுத்த சூரணத்தை மருத்துவரிடம் சொல்லவும் கூசுவர். இப்பின்னைய கூச்சம் உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

ஐரோப்பாவில் மஞ்சள் நிறப் பூப் பூக்கும் செடி ஒன்று உண்டு. ஜூன் 24ஆம் நாள் வரும் புனித யோவான் திருநாளையொட்டிப் பூப்பதால் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்று அதற்குப் பெயர். ஜெர்மனியில் மனச்சோர்வுக்கு அதை மருத்துவர்களே எழுதித் தருவதுண்டு. 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இரு நோயாளரைப் பற்றி எழுதினர். இருவரும் மாற்று இதயம் பொருத்தப்பெற்றவர்கள். இச்செடியின் மாத்திரையை உண்ட பின்னர், இதயத்தைக் காத்துவந்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தின் அளவு அவர்கள் குருதியில் குறைந்தது. உடல் புதிய இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இச்செடி பெருக்கிவிட்டதே காரணம்.

மனச்சோர்வு மருந்துகளோடு இச்செடி சேரும்போது வேறோர் இடரும் உண்டு. செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் முதலிய மருந்துகள் மூளை நரம்புகளுக்கிடையே செரட்டோனின் என்னும் பொருளின் செயலை மிகுவிக்கின்றன. இச்செடியும் அதையே செய்கிறது. இரண்டும் கூடினால் அளவு மீறலாம். அப்போது நடுக்கம், மிகு வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, தசை விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். இக்குறிகள் கண்டால் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"அது அயல்நாட்டுச் செடி, நமக்கென்ன?" எனலாகாது. நமது அமுக்கரா உறக்கத்தைத் தூண்டும் இயல்புடையது. உறக்கம் தரும் மனமருந்தோடு சேர்ந்தால் மயக்கம் மிகலாம். பூனைக்காலி விதையில் லெவோடோபா என்னும் வேதிப்பொருள் இயற்கையாகவே உள்ளது. மானோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் எனப்படும் பழைய வகை மனமருந்துகளோடு அது சேர்ந்தால் குருதி அழுத்தம் கடுமையாக உயரக்கூடும். குழம்பில் இடும் மஞ்சளையும் மிளகையும் கண்டு பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரையும் சாறும் வேறு. சமையல் அளவு வேறு.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? உட்கொள்ளும் சூரணம், லேகியம், மாத்திரை அனைத்தையும் ஒரு தாளில் எழுதுக. புட்டியையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுக. சித்த மருத்துவரை நாடினால், அவரிடமும் ஆங்கில மருந்தின் சீட்டைக் காட்டுக. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரது மருந்தை உண்ணற்க.

மூலிகை தொடங்கும் ஆவலில் மனமருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் அமைதியின்மையும் வரலாம், நோயும் திரும்பலாம். மேலும், நிறுத்திய மறுநாளே மருந்து உடலைவிட்டு நீங்கிவிடுவதில்லை. ஃப்ளுவாக்ஸெட்டின் முற்றும் நீங்கப் பல வாரங்கள் ஆகும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை விட்ட பின்னும் அதன் விளைவு ஏறத்தாழ இரு வாரம் நீடிக்கும். ஆதலின் எதை எப்போது விடுவது, எத்தனை நாள் இடைவெளி விடுவது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தோழர் ஒருவர் இந்நோய்க்கு மருந்து உண்பாராயின் அவரை எள்ளாதீர்கள். அவர் கூச்சமின்றி உண்மையைப் பேசுவதற்கு நீங்கள் துணை நில்லுங்கள். தாத்தாவோ பாட்டியோ அன்போடு கொடுக்கும் மருந்தை அவமதிக்கவும் வேண்டாம். அதையும் மருந்தென்றே மதித்து, மருத்துவரிடம் சொல்லும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.