கட்டுகளைக் குறைக்கும் தொழில்

மாற்றுத்திறனாளி ஒருவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்கு நடந்துகொள்ளும்போது அதன் காரணத்தைக் கண்டறிந்து, அவரைச் சுற்றியுள்ள சூழலையும் கவனிப்பு முறையையும் மாற்றி, அந்த நடத்தைக்குத் தேவையே இல்லாத நிலையை உருவாக்குபவர் நடத்தை ஆதரவு வல்லுநர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளைக்காயம் ஆகியவற்றோடு வாழ்பவர்களிடையே அவருடைய வேலை அமைகிறது. தலையைச் சுவரில் மோதுதல், கையைக் கடித்துக்கொள்ளுதல், அருகில் இருப்பவரை அடித்தல், மண்ணையும் நூலையும் விழுங்குதல், வீட்டைவிட்டு ஓடுதல் போன்றவை அவரிடம் வரும் பிரச்சினைகள். பெரும்பாலும் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகுதான் குடும்பங்கள் அவரைத் தேடி வருகின்றன. அதற்குள் பள்ளி சேர்க்க மறுத்திருக்கும், விடுதி திருப்பி அனுப்பியிருக்கும், வீட்டில் ஓர் அறைக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் வந்திருக்கும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது தனிப் பணியாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் மறுவாழ்வு உளவியலாளர்களும் சிறப்பாசிரியர்களும் இந்த வேலையைப் பகிர்ந்து செய்கிறார்கள். இத்துறைகளில் இன்று பட்டம் பெறுவோரில் பலர் எந்தப் பெயரில் பணியமர்ந்தாலும் இதைச் செய்ய நேரும் என்பதால், இதன் ஒழுங்கைத் தெரிந்துகொள்வது அவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

வேலை உடம்பிலிருந்து தொடங்குகிறது. பேச்சு இல்லாதவருக்கும், பேசினாலும் வலி எங்கே என்று காட்டத் தெரியாதவருக்கும் நோய் வந்தால் முதலில் மாறுவது நடத்தைதான். சொத்தைப் பல் உள்ளவர் தாடையில் குத்திக்கொள்வார். காதில் சீழ் கட்டியவர் காதோரம் அறைந்துகொள்வார். பல நாள் மலச்சிக்கலில் இருப்பவர் சாப்பாட்டு நேரத்தில் தட்டை வீசுவார். நெஞ்செரிச்சல் உள்ளவர் படுக்கவைத்ததும் எழுந்து கத்துவார். இளம்பெண்ணுக்கு மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் கோபம் ஏறினால், அது மாதவிடாய் வலியா என்று பார்க்க வேண்டும். வலிப்பு மாத்திரையை மாற்றியதிலிருந்து ஒருவர் முரடாகிவிட்டார் என்றால், மாத்திரையைச் சந்தேகிக்காமல் ஆளைச் சந்தேகிப்பது தவறு. தூக்கமின்மை, மூக்குக் கண்ணாடி தேவைப்படும் பார்வைக் குறை, யாரும் கவனிக்காத காது மந்தம் என்று பட்டியல் நீளும்.

இந்தத் தேடலை அவசரமாக முடிப்பது இத்துறையில் அடிக்கடி நடக்கும், மன்னிக்கக் கடினமான பிழை. பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார மறுப்பவர் என்பதற்காகவே ஒருவருடைய பல் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாமல் இருக்கும். “அடம் பிடிக்கிறான்”, “வேண்டுமென்றே செய்கிறாள்” என்ற சொற்கள் கோப்பில் ஏறியபின், அவற்றுக்கு அடியில் இருக்கும் வலியைத் தேட ஆள் இருக்காது. ஆகவே நல்ல வல்லுநர் நடத்தைக்கான திட்டம் எழுதும் முன் மருத்துவப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுகிறார். மருத்துவர் சில நிமிடங்களில் “எல்லாம் சரி” என்று அனுப்பிவிட்டால், நடத்தைக் குறிப்பேட்டுடன் அந்த நபரை மீண்டும் மருத்துவரிடம் அனுப்புகிறார்.

உடம்பில் காரணம் இல்லை என்று தெரிந்தால், அல்லது அது சரியான பின்னும் நடத்தை தொடர்ந்தால், அடுத்த கேள்வி எழுகிறது: அந்த நடத்தையால் அவருக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கும் முறையை 1982இல் பிரையன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். பால்டிமோரில் நடந்த அந்த ஆய்வில் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு விதமான சூழல்களில் கவனிக்கப்பட்டார்கள். காயப்படுத்திக்கொள்ளும்போது மட்டும் அக்கறை காட்டப்படும் சூழல் ஒன்று. கடினமான வேலை தரப்பட்டு, காயப்படுத்திக்கொண்டதும் அது நிறுத்தப்படும் சூழல் ஒன்று. தனியே விடப்படும் சூழல் ஒன்று. விளையாட்டும் துணையும் தாராளமாகக் கிடைக்கும் சூழல் ஒன்று. 9 பேரில் 6 பேரிடம், காயப்படுத்திக்கொள்ளுதல் குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் தொடர்ந்து கூடியது. வெளியே ஒரே மாதிரித் தெரிந்த செயலுக்கு ஆளுக்கு ஆள் வேறு காரணம் இருந்தது. ஒருவர் கவனத்தைப் பெறவும், மற்றவர் வேலையிலிருந்து தப்பவும், இன்னொருவர் அந்தப் புலனுணர்வுக்காகவும் அதைச் செய்தார்கள். பிடித்த பொருளைப் பெறுவதும் ஒரு காரணமாகலாம் என்று பின்னர் சேர்க்கப்பட்டது.

வீட்டிலும் விடுதியிலும் இத்தகைய சோதனைக்கு வசதி குறைவு. அங்கே நேரடிக் கவனிப்பும் குறிப்பேடும்தான் கருவிகள். நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடத்தை எப்படி இருந்தது, அதற்குப் பின் யார் என்ன செய்தார்கள் என்று மூன்று பத்திகளாக எழுதுவது வழக்கம். “கோபப்பட்டான்” என்று எழுதினால் பயனில்லை. “மிக்ஸி ஓடத் தொடங்கியதும் வலது கையால் நெற்றியில் நான்கு முறை அடித்துக்கொண்டான், அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு அவனை வாசலுக்கு அழைத்துப்போனார்” என்று எழுதினால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். நடத்தை நிகழாத நேரங்களைப் பதிவதும் அவ்வளவு முக்கியம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒருவர் அமைதியாக இருக்கிறார் என்றால், அன்று பணியில் இருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று கேட்பது பல கேள்வித்தாள்களைவிட நன்மை தரும்.

காரணம் தெரிந்தபின், அதே பலனைக் காயமின்றிப் பெறும் வழியைக் கற்பிக்க வேண்டும். எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். வகுப்பில் தொந்தரவு செய்த நான்கு குழந்தைகளில் பாடம் கடினமாக இருந்ததால் அப்படிச் செய்தவர்களுக்கு உதவி கேட்கும் வாக்கியமும், கவனம் வேண்டியவர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றி ஆசிரியரிடம் கேட்கும் வாக்கியமும் கற்பிக்கப்பட்டன. காரணத்துக்குப் பொருந்திய வாக்கியம் தொந்தரவைக் குறைத்தது. பொருந்தாத வாக்கியம் குறைக்கவில்லை.

பேச்சு இல்லாதவருக்கு வாக்கியத்தின் இடத்தில் கைச்சைகை, பட அட்டை, பொத்தான் அழுத்தினால் பேசும் கருவி ஆகியவை வருகின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி படங்களைத் தொட்டுத் தமிழிலும் பேச வைக்கிறது. எதுவானாலும் ஒரு விதி உண்டு: புதிய வழி பழைய வழியைவிட எளிதாகவும் விரைவாகவும் பலன் தர வேண்டும். “போதும்” அட்டையை நீட்டியவரிடம் “இன்னும் இரண்டு கணக்குப் போடு, பிறகு பார்க்கலாம்” என்று சொன்னால், நெற்றியில் அடித்துக்கொள்வதே விரைவான வழி என்று அவர் மறுபடி கற்றுக்கொள்வார். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் அட்டைக்கு உடனே மதிப்புத் தர வேண்டும். காத்திருக்கப் பழக்குவது அது ஊன்றிய பின்பு, சில விநாடிகளில் தொடங்கி நடக்கும். பழைய நடத்தைக்குப் பலன் கிடைக்காதபோது அது முதலில் கூடிப் பிறகு குறையலாம் என்பதையும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், இரண்டாம் நாளே திட்டம் கைவிடப்படும். அதில் குடும்பத்தைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை.

கற்பிக்காமல் சூழலை மாற்றுவதே பல நேரங்களில் போதும். இரைச்சல் தாங்காதவர் வெளியே நடக்கப்போகும் நேரத்தில் மிக்ஸி ஓடலாம். அடுத்து என்ன என்று தெரியாமல் பதறுபவருக்கு அன்றைய நாளின் படவரிசையைச் சுவரில் ஒட்டலாம். நாள் முழுதும் செய்ய எதுவும் இல்லாமல் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு வாழ்க்கை. அது இல்லாத இடத்தில் நடத்தைத் திட்டம் எழுதுவது வீண்.

திட்டத்தை நடத்தப்போகிறவர் அதை எழுதியவரல்ல. அதிகாலையிலிருந்து தனியாகச் சமாளிக்கும் தாயும், குறைந்த சம்பளத்தில் இரவுப் பணி பார்க்கும் ஊழியரும்தான் அதை நடத்த வேண்டும். நாற்பது பக்க அறிக்கை அலமாரியில் கிடக்கும். சமையலறைச் சுவரில் ஒட்டும் ஒரு பக்கம் பயன்படும். ஆகவே வல்லுநரின் நேரத்தில் பெரும்பகுதி இவர்களுக்குச் செய்துகாட்டுவதிலும், அவர்கள் செய்யும்போது அருகில் நிற்பதிலும், அவர்களுடைய களைப்பைக் கேட்பதிலும் போக வேண்டும்.

இத்துறைக்கு ஒரு கொடிய முன்வரலாறு உண்டு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் விடுதி 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1960களில் அங்கே 6,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1972இல் தொலைக்காட்சி அந்த நிலையைக் காட்டியது. 1987இல்தான் விடுதி மூடப்பட்டது. அந்தக் காலத்தில் சில நடத்தை ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் தற்காயத்தை அடக்கினார்கள். அத்தகைய கருவிகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல்தான் தடைசெய்தது. அந்தத் தடையையும் 2021இல் நீதிமன்றம் நீக்கியது. பிரிட்டனில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் நோயாளிகளைத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசி மறைகேமராவில் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. ஆனால் அச்சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் அறிவுசார் குறைபாடு இல்லை. அக்குறைபாடு உள்ளவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கொடுமையான நடத்துமுறையிலிருந்து பாதுகாப்பைப் பொதுவான சொற்களில் தருகிறது. கதவைப் பூட்டுவதற்கும் கையைக் கட்டுவதற்கும் விரிவான விதிகள் வேண்டிய இடம் இது.

ஆஸ்திரேலியா அத்தகைய விதிகளை 2018இல் இயற்றியது. தனியறையில் அடைத்தல், மருந்தால் அடக்குதல், கருவியால் கட்டுதல், உடல்பலத்தால் பிடித்தல், பொருள்களையோ இடங்களையோ எட்டவிடாமல் தடுத்தல் என ஐந்தும் கட்டுப்பாட்டு முறைகளாக வகுக்கப்பட்டன. குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதும் இதில் வரும். இவற்றில் ஒன்று பயன்பட்டால், பதிவுபெற்ற வல்லுநர் ஒரு மாதத்துக்குள் இடைக்காலத் திட்டமும் ஆறு மாதத்துக்குள் முழுத் திட்டமும் எழுத வேண்டும். அந்தத் திட்டம் கட்டுப்பாட்டைக் குறைத்து நீக்கும் வழியைச் சொல்ல வேண்டும்.

ஐந்திலும் மருந்துதான் கண்ணில் படாமல் நீடிக்கிறது. முரட்டு நடத்தை உள்ள 86 பேரிடம் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் ஆகிய மனநோய் மருந்துகளையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று குழுவிலும் முரட்டுத்தனம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரை உண்டவர்களிடம். உரிய மருத்துவக் காரணம் இல்லாமலே மனநோய் மருந்துகளையோ மனச்சோர்வு மருந்துகளையோ உண்ணும் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் இங்கிலாந்தில் மட்டும் 30,000 முதல் 35,000 வரை இருக்கலாம் என்று 2015இல் அரசு நிறுவனம் மதிப்பிட்டது. மருந்தைக் குறைப்பது மருத்துவரின் முடிவு. திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் துணிந்து குறைக்கத் தேவையான பதிவுகளைத் தருவது வல்லுநரின் கடமை.

எந்த நடத்தையை மாற்றலாம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கையைப் படபடவென ஆட்டுவதும் முன்னும் பின்னும் அசைவதும் யாரையும் காயப்படுத்துவதில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், அவை தங்களுக்கு நிம்மதி தருபவை என்றும் அவற்றை அடக்கியது தங்களை வதைத்தது என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். விருந்தினர் முன் சங்கடமாக இருக்கிறது என்பது சிகிச்சைக்குக் காரணமாகாது. திட்டத்தைப் பற்றி அவரிடமே கேட்பதும், வார்த்தையால் சொல்ல முடியாதவர் உடலால் காட்டும் மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்வதும் இந்த எச்சரிக்கையைச் சேர்ந்தவை.

சம்பவங்களின் எண்ணிக்கை குறைந்தது என்பது மட்டும் பலனின் அளவாகாது. மயக்கத்தில் கிடப்பவரின் பதிவேட்டிலும் சம்பவங்கள் இருக்காது. எத்தனை பூட்டுகள் நீங்கின, எத்தனை மாத்திரைகள் குறைந்தன, வாரத்தில் எத்தனை முறை வெளியே போகிறார், எத்தனை விஷயங்களில் தானே தேர்ந்தெடுக்கிறார் என்பவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். இவை கூடி, தாயும் ஊழியரும் புதிய சிக்கலைத் தாங்களே ஆராயத் தொடங்கியதும், வல்லுநர் வருகையை வாரத்திலிருந்து மாதத்துக்கும், மாதத்திலிருந்து தொலைபேசிக்கும் குறைத்து விலகுகிறார். ஊழியர் மாறும்போதும், வீடு மாறும்போதும், பெற்றோர் முதுமை அடையும்போதும் பழைய நடத்தை திரும்பலாம் என்பதால், அப்போது யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.