கடினமான பாடம் யாருக்கு?

(பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளையொட்டி, தில்லிப் புறநகரில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் மாணவர்–பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்.)



இந்த வாரம் உங்கள் வீடுகளில் பேச்செல்லாம் ஒன்றைப் பற்றியே இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுப்பதா, வேண்டாமா? இயற்பியல் தாங்குமா? பேசாமல் எளிதான பிரிவில் சேர்த்துவிட்டால் என்ன? பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு படிவத்தில் ஐந்து பாடங்களுக்கு எதிரே குறியிட வேண்டும். அந்தக் குறி பல கதவுகளைத் திறக்கிறது. பல கதவுகளை மூடுகிறது. எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் மகள் படித்தாள். கணிதத்தில் வகுப்பின் முதல் மாணவி. "ஐயா, நான் கணக்கு எடுக்கலாமா?" என்று கேட்டாள். "தயங்காமல் எடு அம்மா" என்றேன். மறுநாள் அவள் தந்தை வந்தார். எங்கள் பள்ளியில் மேல்நிலையில் கலைப்பிரிவு மட்டுமே இருந்தது. அறிவியல் பிரிவுள்ள பள்ளிக்கு இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். குளிர்காலத்தில் அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். "பையனாக இருந்தால் அனுப்பியிருப்பேன், ஐயா" என்று தலைகுனிந்தார். அவள் கலைப்பிரிவில் சேர்ந்தாள். நான் நல்ல ஆலோசனை சொல்லிவிட்டதாக நிம்மதியடைந்தேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆலோசனையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்திருக்க முடியும்?

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 2023இல் நடத்தப்பட்ட 'அசர்' ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. பதினொன்றாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்போரில் அறிவியல், கணிதம் சார்ந்த பிரிவுகளில் ஆண்கள் 36.3 விழுக்காடு, பெண்கள் 28.1 விழுக்காடு. பெண்களின் மூளையில் எட்டு விழுக்காடு குறைவு என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா? பேருந்தும், பயிற்சிக் கட்டணமும், வீட்டு வேலையும், 'பையனுக்கு முதலில்' என்ற வழக்கமும் சேர்ந்து போடும் கணக்கு இது. அதே ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தோர் 43.3 விழுக்காட்டினரே. ஐந்தாம் வகுப்பில் கைவிடப்பட்ட பிள்ளையிடம் பதினொன்றாம் வகுப்பில் வந்து "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்பதற்குப் பெயர் தேர்வுச் சுதந்திரமா?

சட்டமும் இதே இடத்தில்தான் கையை விடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வயது வரும்போது உரிமை முடிந்து, குடும்பத்தின் வருமானம் பேசத் தொடங்குகிறது. கல்விக்கு நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் சொன்னது. அந்த இலக்கை எந்த ஒன்றிய அரசும் எட்டவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கடுமையான பிரிவினை இராது என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாத பள்ளியில் பிரிவினையை நீக்கி என்ன பயன்? அதே கொள்கை, கணிதம் தொடங்கி எல்லாப் பாடங்களையும் சாதாரண நிலை, உயர்நிலை என இரண்டாக வழங்கலாம் என்றும் சொல்கிறது. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

சிபிஎஸ்இ இதைக் கணிதத்தில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள்: 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்'. பாடத்திட்டம் ஒன்றே, வகுப்பும் ஒன்றே, இறுதித் தேர்வின் கடினம் மட்டுமே வேறு. 'பேசிக்' எழுதியவர் பதினொன்றாம் வகுப்பில் முழுக் கணிதம் எடுக்க இயலாது என்பதே மூல விதி. கொரோனா காலத்திலிருந்து தளர்வுகள் வந்தன. ஆயினும் தளர்வு என்பது ஆண்டுதோறும் சுற்றறிக்கையை எதிர்பார்த்து நிற்பது. மதிப்பெண் கூடும் என்று சொல்லி ஏழைப் பிள்ளைகளை மொத்தமாக 'பேசிக்' பக்கம் தள்ளிவிட்டால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயரும்; பிள்ளையின் பாதை குறுகும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதப் போகும் மாணவர்களே, அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் சேரப் போகிறவர்களுக்குச் சில செய்திகள்.

கணிதம் பொறியாளர்களுக்கு மட்டுமே வேண்டியது என்று எண்ணாதீர்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரச் சிறப்புப் பட்டப் படிப்புக்கும் அது தேவை. 2020–21 முதல் 'பயன்பாட்டுக் கணிதம்' என்ற விருப்பப் பாடமும் இருக்கிறது. வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் செல்வோருக்கு அது உதவும். இயற்பியல், பொறியியல் நோக்கிச் செல்வோருக்கு முழுக் கணிதமே வேண்டும். ஐந்து பாடங்கள் கட்டாயம். ஆறாவதாக ஒரு கூடுதல் பாடம் எடுக்கவும் விதி இடமளிக்கிறது. உயிரியலை விரும்பும் பிள்ளை கணிதத்தைக் கைவிட மனமில்லை என்றால் இந்த வழியைப் பள்ளியில் கேளுங்கள். பதிவான பிறகு பாடத்தை மாற்றுவது எளிதன்று. எனவே இந்த வாரமே கேளுங்கள்.

கடினமாக இருக்கிறது என்பது மட்டும் ஒரு பாடத்தை விடக் காரணமாகாது. புரியாத கணக்கோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க மனம் வருகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வருகிறதென்றால் எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். பெற்றோரே, வட்டிக்குக் கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் கட்டினால்தான் அறிவியல் படிக்க முடியும் என்பது அந்த மையங்கள் பரப்பிய எண்ணம். பிள்ளையின் விருப்பத்தின்மேல் உங்கள் கடனை ஏற்றி வைக்காதீர்கள்.

வரலாற்றையும் அரசியலையும் விரும்பி எடுக்கும் பிள்ளையை எவரும் தாழ்வாகப் பார்க்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, 2023இல் வந்த என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூல்களிலிருந்து பரிணாமக் கோட்பாட்டை நீக்கினார்கள். தனிம வரிசை அட்டவணையை நீக்கினார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டனக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். மக்கள் போராட்டங்கள் பற்றிய பாடமும், சனநாயகத்தின் அறைகூவல்கள் பற்றிய பாடமும் அதே வகுப்பில் நீக்கப்பட்டன. விளைவு என்ன? கலைப்பிரிவுக்குச் செல்லும் பிள்ளை டார்வினைப் பள்ளியில் சந்திக்கப் போவதில்லை. அறிவியலுக்குச் செல்லும் பிள்ளை மக்கள் போராட்டங்களைப் பாடமாகப் படிக்கப் போவதில்லை. எல்லோருக்கும் பொதுவாயிருந்த அறிவு விருப்பப் பாடமாக்கப்பட்டுவிட்டது. நீக்கப்பட்ட மேல்நிலைப் பகுதிகளுக்காகக் கேரளத்தின் இடது சனநாயக முன்னணி அரசு 2023 ஆகஸ்டில் துணைப் பாடநூல்களை வெளியிட்டது. மாற்று சாத்தியமே என்பதற்கு அது சான்று.

தோழர்களே, கடைசியாக நமக்கு. நம் பகுதியில் எந்தெந்த அரசுப் பள்ளிகளில் மேல்நிலையில் அறிவியலும் கணிதமும் உள்ளன, எங்கே ஆசிரியர் பணியிடம் காலி, எங்கே ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது என்ற பட்டியல் நம் கிளைகளிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே தயாரிப்போம். பட்டியலோடு பெற்றோரைத் திரட்டிக் கல்வி அதிகாரியிடம் செல்வோம். தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகளுக்காக மாலைப் பேருந்து கேட்போம். நம்மில் படித்த தோழர்கள் வாரம் இரு மாலைகள் கணிதம் சொல்லித் தரட்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அந்தத் தந்தையிடம் நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து "நான் கணக்கு எடுக்கலாமா?" என்று கேட்டால், "எடு அம்மா, பள்ளி இருக்கிறது, பேருந்து இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம்" என்று நாம் சொல்ல முடிய வேண்டும். அதற்கு நமக்குப் பன்னிரண்டு மாதங்கள் உள்ளன.