பாட்டியின் கைப்பக்குவம்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



துவரையைச் செம்மண் குழம்பில் பிசறி, இரவு முழுதும் குவித்துவைத்து, பின்னர் வெயிலில் நன்கு உலர்த்திச் சேமிப்பது நம் பாட்டிமார் வழக்கம். வண்டு துவரையின் தோல்மீது முட்டையிடும். மண்பூச்சு அதனைத் தடுக்கிறது.

பட்டம் பெற்ற நாம் இதனை எள்ளினோம். நம் வீட்டு விதைத்துவரை வண்டரித்துப் பொடியானபோது, மண் எவ்வளவு, வெயில் எத்தனை நாள் என்று கேட்கப் பாட்டி இல்லை. நூலில் பொதுவிதி உண்டு. அந்தந்த ஊர் மண்ணின் பக்குவமோ முதியோர் கையில்தான் உண்டு.

ஆகவே, இவ்வறுவடையில் பேரப்பிள்ளைகள் பாட்டியருகில் அமர்ந்து ஒரு மரக்கால் துவரைக்கேனும் மண் கட்டட்டும். விதைக்குமுன் 100 விதைகளை ஈரச்சாக்கில் முளைக்கவிட்டுப் பலனைத் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.